பழைய மியாட்டாவைப் பனிக்காலத்தில் ஓட்டுகிறீர்களா? கோளாறை அறிகுறியிலிருந்து பிடிக்கும் வழி

இங்கே பேசுவது மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி. வட அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை, கண்ணைத் திறந்து மூடுவதுபோல் ஹெட்லைட் எழும்பி இறங்கும் வண்டி. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். களம் தெற்கு ஒன்டாரியோ, கியூபெக் போன்ற ஊர்கள்: சாலையில் உப்பு, இரவில் மைனஸ் 20 டிகிரி, பகலில் உருகி மாலையில் மறுபடி உறையும் சேறு.

பின்சக்கர இழுவை வண்டி பனிக்கு ஆகாது என்று சொல்பவர்கள் பலர். ஆனால் இந்த வண்டி பனியில் நின்றுபோகும் காரணங்களை எண்ணினால் பின்சக்கர இழுவை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் தவறான டயர், சோர்ந்த பேட்டரி, அடைத்த வடிகால், இறுகிய காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) எல்லாம் வரிசையில் நிற்கும். இவை கோடையிலேயே இருந்த கோளாறுகள்தான். குளிர் அவற்றை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. அதனால் பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஒரு மல்டிமீட்டர், டயர் காற்றழுத்த மானி, கூலன்ட் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், 4 மி.மீ. ஆலன் சாவி, டார்க் ரெஞ்ச் இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். அக்டோபரில் செய்தால் விரல் மரத்துப்போகாது.

அறிகுறி: திருப்பத்தில் பின்பக்கம் வெளியே ஓடுகிறது, அல்லது பிரேக் பிடித்தால் வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டே போகிறது

முதலில் டயரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸில் பிளாஸ்டிக் போலாகிவிடும். பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் கொண்ட சின்னம் இல்லாத டயர் இந்த வேலைக்கு ஆகாது. 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருப்பது போதாது; அது காடி வடிவத்தைப் பற்றியது, குளிர் சோதனையைப் பற்றியதல்ல.

நான்கும் விண்டர் டயராக இருக்க வேண்டும். இழுப்பது பின்சக்கரம்தானே என்று பின்னால் மட்டும் இரண்டு போட்டால் வண்டி கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது. முன்னால் மட்டும் போட்டால் முதல் வளைவிலேயே வால் முந்திக்கொள்ளும்.

அளவில் அகலத்தைக் கூட்டாதீர்கள். முதல் தலைமுறையின் அளவு 185/60 ஆர் 14. அதில் விண்டர் டயர் கிடைக்கவில்லை என்றால் 175/65 ஆர் 14 போடலாம். விட்டம் சுமார் 1 சதவீதம்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. 15 அங்குல ரிம் வைத்திருந்தால் 195/50-க்குப் பதில் 185/55. ஒல்லியான டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே உள்ள தளத்தைத் தொடும். அகலமானது மேலே மிதக்கும். காடி ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் அந்த டயரைக் கோடையில் ஓட்டித் தீர்த்துவிடுங்கள், அடுத்த பனிக்கு வைக்காதீர்கள்.

டயர் சரியாக இருந்தும் வழுக்கினால் காற்றைப் பாருங்கள். முதல் தலைமுறைக்குத் தொழிற்சாலை சொன்ன அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் 26 பிஎஸ்ஐ. வெப்பம் ஏறக்குறைய 5.5 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் கராஜுக்குள் 26 நிரப்பிய டயர் மைனஸ் 20-ல் 19 காட்டும். 19-ல் இந்தக் கார் படகு போல ஆடும். வெளியே, இரவு முழுக்க நின்ற டயரில்தான் காற்றை அளக்க வேண்டும்.

அதுவும் சரி என்றால், முந்தைய உரிமையாளர் போட்ட தடித்த பின் ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பந்தயத் தளத்தில் அது வரம். பனியில் பின்பக்கத்தை எளிதாக உதறிவிடும். பனிக்காலத்துக்குப் பின் பாரின் இணைப்புகளைக் கழற்றி, பாரையே எடுத்து வைத்துவிடலாம். அரை மணி நேர வேலை, செலவில்லை. சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கேம்பர் கோணத்தைப் பந்தயத்துக்கு என்று சாய்த்து வைத்திருந்தாலும் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவருவது நல்லது.

டிக்கியில் மணல் மூட்டை போடும் பழக்கம் பிக்கப் லாரியிலிருந்து வந்தது. லாரியின் பின்பக்கம் காலியானது, அதற்குப் பாரம் தேவை. மியாட்டா சுமார் 980 கிலோ, முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. 100 கிலோ மூட்டையைப் பின் அச்சுக்கு அப்பால் வைத்தால் கிளம்பும்போது பிடி கூடும். வளைவில் அந்த 100 கிலோவே கடிகார ஊசல் போல வாலை இழுக்கும், பிரேக் தூரமும் கூடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் 25, 30 கிலோ போதும். டிக்கியின் முன்சுவரை ஒட்டி, நகராதபடி கட்டி வையுங்கள். வண்டி சிக்கினால் அதே மணலைச் சக்கரத்தடியில் தூவலாம், அதுதான் அதன் உண்மையான பயன்.

ஓட்டும் விதத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: வழுக்கும் வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விடுவதும், திடீரென்று கீழ்க் கியருக்கு மாற்றுவதும் பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிப்பதற்குச் சமம். பின்பக்கம் ஓடுவதில் பாதி இதனால்தான்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். வண்டி பழைய கார்களுக்கான தனிக் காப்பீட்டில் இருந்தால் பனிக்காலத்தில் ஓட்ட அனுமதி உண்டா என்று பத்திரத்தில் படித்துக்கொள்ளுங்கள். சில திட்டங்களில் கிடையாது.

அறிகுறி: 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் திடீரென நடுங்குகிறது, நேற்று இல்லை

சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ரிம்மின் உட்குழிவில் பனி அப்பி உறைந்திருக்கும். 14 அங்குல ரிம்முக்கு நூறு, இருநூறு கிராம் ஒரு பக்கம் ஒட்டினால் போதும், சமநிலை போய்விடும். குச்சியால் தட்டி எடுங்கள், நடுக்கம் நின்றுவிடும். இதற்குப் போய் பேலன்ஸிங் செய்து காசு கொடுத்தவர்கள் உண்டு.

பனி இல்லாமலே நடுங்கினால், டயர் மாற்றியபோது, சக்கரம் மாட்டும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டாமல் ரிம்மை மாட்டியிருப்பார்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஹப் முகத்தில் மட்டும் மெல்லியதாக ஆன்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் பசை) தடவுங்கள். ஸ்டட் புரியில் தடவாதீர்கள். முறுக்கு அளவு பொய்யாகிவிடும். நட்டுகளை 90 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் முடுக்கி, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். வேறு காரின் ரிம் வாங்கியிருந்தால் நடு ஓட்டை 54.1 மி.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கும். நடுவளையம் இல்லாமல் மாட்டினாலும் இதே நடுக்கம்தான்.

அறிகுறி: சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும், அல்லது என்ஜின் முனகி முனகிச் சுற்றுகிறது

இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள், வலது மூலையில் இருக்கிறது. அதனால் மூன்று விளைவுகள். ஒன்று, மின்சாரம் காரின் நீளம் முழுக்க ஓடி ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும். வழியில் எந்த இணைப்பு துருப்பிடித்தாலும் வோல்ட் குறையும். இரண்டு, டிக்கிப் பூட்டு உறைந்துவிட்டால் பேட்டரியையே எட்ட முடியாது. மூன்று, மூடிய இடத்தில் சாதாரணத் திரவ பேட்டரியை வாயுக்குழாய் இல்லாமல் வைத்தால் அமில ஆவி டிக்கித் தளத்தைத் தின்றுவிடும், ஹைட்ரஜனும் தேங்கும். தொழிற்சாலையில் மூடிய ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) வைத்தார்கள். மாற்றும்போதும் ஏஜிஎம், அல்லது வாயுக்குழாய் மாட்டும் வசதி உள்ளதையே வாங்குங்கள்.

அளக்கும் முறை:

1. வண்டி இரவு முழுக்க நின்றபின் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்தது. 12.4 முக்கால். 12.2 பாதி. பாதிச் சார்ஜில் வெளியே விடாதீர்கள்: நிறைந்த பேட்டரி எந்தக் கனடியக் குளிரிலும் உறையாது, தீர்ந்த பேட்டரி மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பிளக்கும். உறைந்ததைச் சார்ஜ் செய்யவோ ஜம்ப் கொடுக்கவோ கூடாது.

2. ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, சுற்றும்போது பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது.

3. விழவில்லை, ஆனாலும் முனகுகிறதா? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சுற்றவையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் இணைப்பில். டிக்கியில் பாடியோடு சேரும் இடத்தையும், என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பட்டையையும் கழற்றிப் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். புது பேட்டரி வாங்கியும் பயனில்லை என்று வரும் பல வண்டிகளில் இதுதான் காரணம்.

4. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹீட்டர் விசிறி, லைட், கண்ணாடிச் சூடு எல்லாம் போட்டபின்பும் 13.2-க்குக் கீழே போனால் பெல்ட் தளர்வா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள்.

நிற்கும்போது வண்டி இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, அலாரம் இவைதான் வழக்கமான திருடர்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுபவர் ஏஜிஎம் நிலை கொண்ட சிறு சார்ஜரை மாட்டியே வைக்கலாம். மைனஸ் 18-ல் நல்ல பேட்டரியே ஏறக்குறைய பாதி வலுவைத்தான் தரும். அதே நேரத்தில் கெட்டியான எண்ணெய் அதிக வலுவைக் கேட்கும்.

டிக்கிப் பூட்டிலும் கதவுப் பூட்டிலும் நவம்பரிலேயே கிராஃபைட் தூள் ஊதிவையுங்கள். உறைநீக்கித் திரவத்தை வீட்டில் அல்லது சட்டைப்பையில் வையுங்கள். காருக்குள் வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல.

அறிகுறி: நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மறுக்கிறது

நேற்று மாலை பனி தள்ளுவதற்காக வண்டியைக் கிளப்பி, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்தீர்களா? அப்படியானால் பெட்ரோல் நனைந்த பிளக்தான் காரணம். குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். அது எரிந்து தீருமுன் அணைத்தால் பிளக் ஈரமாகிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி 10 விநாடி சுற்றுங்கள், பிடித்ததும் காலை எடுங்கள். கிளப்பினால் குறைந்தது நாலைந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் பிளக் வயர்களைச் சந்தேகியுங்கள். இந்த என்ஜினுக்கு வயர்தான் பலவீனம். 50,000, 60,000 கி.மீ.க்குள் உள்ளே தேய்ந்துவிடும், ஈரக்காற்றில் மின்பொறி வெளியே கசியும். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் என்ஜினில் தண்ணீரைத் தூறலாகத் தெளித்தால் நீலப் பொறி தெரியும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக் என்ஜிகே பிகேஆர்6இ-11, குளிர் ஊருக்கு பிகேஆர்5இ-11-உம் பொருந்தும், இடைவெளி 1.1 மி.மீ.

இரண்டும் சரி, எரிபொருள் பம்ப் ஓடும் சத்தமும் கேட்கிறது என்றால் குழாயில் தண்ணீர் உறைந்திருக்கலாம். பாதி காலியான டாங்கில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிக் கீழே தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அடங்கிய உறைநீக்கியை டாங்கில் ஊற்றி, வண்டியை வெப்பமான கராஜுக்குத் தள்ளுங்கள். பிறகு பனிக்காலம் முடியும்வரை டாங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள்.

அறிகுறி: கிளம்பியதும் மேலிருந்து தையல் இயந்திரம் போலச் சத்தம்

முதல் தலைமுறையில் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் சிறு பாகங்கள் உண்டு. இரவில் எண்ணெய் வடிந்துவிட்டால், மறுபடி நிறையும்வரை தட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றால் கவலை வேண்டாம். என்ஜின் சூடான பின்பும் தட்டினால் எண்ணெய் பழையது அல்லது கெட்டியானது. முழு செயற்கை 5டபிள்யூ-30 ஊற்றுங்கள், மைனஸ் 25 அடிக்கடி வரும் ஊரில் 0டபிள்யூ-30. கோடையில் சத்தம் குறையட்டும் என்று 20டபிள்யூ-50 ஊற்றியவர்கள் அதை டிசம்பருக்குள் வடித்துவிட வேண்டும்; அது குளிரில் தேன்பாகு. இரண்டாம் தலைமுறையில் இந்தப் பாகம் இல்லை, அங்கே தட்டினால் வேறு காரணம்.

எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற பசை தெரிந்தால் உடனே ஹெட் கேஸ்கட் (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பதறாதீர்கள். ஐந்து நிமிடத் தூரமே ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் அப்படித் தேங்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் மறையும். கூலன்ட் மட்டமும் குறைகிறது, எண்ணெய்க் குச்சியிலும் பால் நிறம் என்றால்தான் கேஸ்கட் பேச்சு.

அறிகுறி: முதல் பத்து நிமிடம் இரண்டாம் கியர் விழவே மறுக்கிறது

ஐந்து கியர் பெட்டியின் பிறவிக் குணம் இது. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்க, சின்க்ரோ வளையம் வேகத்தைச் சமன் செய்யத் திணறும். அழுத்தித் தள்ளினால் தேய்வது அந்த வளையம்தான். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரச் செயற்கை எண்ணெய் 2 லிட்டர் மாற்றினால் பாதித் தொல்லை போகும். பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டே கீழ் போல்ட்டைத் தொடுங்கள். வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பது வழக்கமான சோகம். டிஃபரன்ஷியலுக்கு (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஜிஎல்-5 தரம்: 1.6 லிட்டர் என்ஜின் வண்டிக்கு 0.65 லிட்டர், 1.8-க்கு 1 லிட்டர்.

இரண்டாம் கியர் மட்டுமல்ல, நின்ற நிலையில் முதல் கியரும் ரிவர்ஸும் உரசுகிறதா? அப்போது எண்ணெய் காரணமில்லை, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கியர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியே வாங்கிக் கிளட்சை விடுவிப்பது) ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் கசிவு. விலை குறைந்த பாகம், ஆனால் இந்த வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்துவதில் பேர் பெற்றது. அக்டோபரில் திரவம் கறுத்திருந்தாலே மாற்றிவிடுங்கள்.

கியர் கம்பி அருகே காலில் குளிர்காற்று அடிக்கிறது, உருகிய பனிச்சேறு தெறிக்கிறது என்றால் உள் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது.

அறிகுறி: ஹீட்டரில் வெதுவெதுப்பு மட்டும், வெப்ப முள் மேலே ஏறுவதில்லை

கிளப்பி இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொடுங்கள். அதற்குள் சூடேறத் தொடங்கிவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கிறது. சுமார் 88 டிகிரியில் திறப்பதை வாங்குங்கள். கோடைக்கென்று முன்பு யாரோ குறைந்த வெப்பத்தில் திறப்பதைப் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். ரேடியேட்டர் முன் அட்டை சொருகுவது இந்தக் கோளாறை மறைக்கத்தான் உதவும்.

முள் சரியாக நிற்கிறது, காற்று மட்டும் குளிர்கிறது என்றால் ஹீட்டரில் காற்றுக் குமிழி, அல்லது உள்ளே அடைப்பு. வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலன்ட் சேருங்கள். ஹீட்டருக்குப் போகும் இரு குழாய்களில் ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் அடைப்பு. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் இனிப்பு வாடையும் வந்தால் ஹீட்டருக்குள் உள்ள சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரே கசிகிறது.

கூலன்டின் கலவையை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். சரிபாதி எத்திலீன் கிளைகால், சரிபாதி காய்ச்சி வடித்த நீர்: மைனஸ் 37 வரை தாங்கும். இன்னும் பாதுகாப்பு என்று முழுக்க கிளைகால் ஊற்றுவது தலைகீழ். கலக்காத கிளைகால் மைனஸ் 12, 13-லேயே உறையத் தொடங்கும். ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். நீரால் அலசிவிட்டு ரேடியேட்டரை வடித்தால் பிளாக்குக்குள் இன்னும் வெறும் நீர் தங்கியிருக்கும். அதன் மேல் கலந்து விற்கும் கூலன்ட் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கிளைகால் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை வடித்த நீரால் நிரப்புவதே வழி. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாகியிருந்தால் அது விரிசலுக்குக் காத்திருக்கிறது. பனிப்புயலில் அல்ல, இப்போதே மாற்றுங்கள்.

அறிகுறி: கண்ணாடி உள்ளே பனிமூட்டம், காலையில் உள்பக்கமே உறைந்திருக்கிறது

இருக்கைகளுக்குப் பின்னால் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரமா? மூலக்காரணம் கூரையின் வடிகால். மடக்குக் கூரையில் விழும் நீர் இருக்கைகளுக்குப் பின்னால், இரு ஓரமும் உள்ள துளை வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே தரையில் விழ வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அடைத்தால் நீர் உள்ளே வழியும், அடுத்த கட்டமாகக் கதவடி உலோகப் பெட்டியை உள்ளிருந்தே துருவாக்கும். இந்த வண்டிகள் பின்சக்கரத்துக்கு முன்னால் ஓட்டையாவது இப்படித்தான்.

புல் வெட்டும் இயந்திரத்தின் 2.4 மி.மீ. நைலான் நரம்பை மெதுவாக விட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றால் பிறகு நீர் முழுக்க உலோகப் பெட்டிக்குள்தான். கால் லிட்டர் நீர் ஊற்றி, அதே அளவு கீழே வருகிறதா என்று பாருங்கள். கடும் குளிருக்கு முன் மைனஸ் 40 தரக் கண்ணாடி கழுவும் திரவம் கொஞ்சம் ஊற்றிவைத்தால் வடிகாலுக்குள் பனிக்கட்டி அடைக்காது.

ஈரக் கார்பெட்டை அப்படியே விடக் கூடாத இன்னொரு காரணம்: இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட 1.6 லிட்டர் வண்டிகளில் என்ஜின் கணினி பயணி காலடிக் கார்பெட்டுக்குக் கீழே படுத்திருக்கிறது.

கார்பெட் உலர்ந்தே இருந்தால் காற்றுச் சுற்று நெம்புகோல் உள்காற்றில் நிற்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்றில் வையுங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், ஆனால் உறைநிலையை ஒட்டிய குளிரில் கம்ப்ரசர் வேலை செய்யாது. அதை நம்ப வேண்டாம்.

முதல் தலைமுறையின் பின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். அதன் மேல் பனி சுரண்டும் கத்தியை வைத்தால் நிரந்தரக் கீறல். மென் தூரிகை மட்டும். 5 டிகிரிக்குக் கீழே கூரையை மடக்கவே கூடாது, மடிப்பில் பிளாஸ்டிக் உடையும். கடினக் கூரை கிடைத்தால் வாங்குங்கள். பின்பக்கம் உண்மையான கண்ணாடி வரும், பலவற்றில் சூடேற்றும் கம்பியோடு; அது ஒன்றே அந்த விலைக்குச் சமம்.

அறிகுறி: ஹெட்லைட் எழும்பவில்லை, அல்லது ஒற்றைக் கண் மட்டும் திறக்கிறது

உறைமழைக்குப் பின் மூடியைச் சுற்றிப் பனிக்கட்டி பிடித்திருக்கும். சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டாரோ அதன் கம்பியோ போகும். பானெட்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் லைட் எழுப்பும் 30 ஆம்பியர் ஃபியூஸை எடுங்கள், மூடியைச் சுற்றிக் கட்டியை உருக்குங்கள், மோட்டாரின் ரப்பர் தொப்பியைக் கழற்றி உள்ளே உள்ள குமிழைக் கையால் திருகி லைட்டை ஏற்றுங்கள். முன்னறிவிப்பில் உறைமழை என்று கேட்டால், லைட்டை எரியவிடாமல் மேலே மட்டும் தூக்கும் தனிப் பொத்தான் டாஷ்போர்டில் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.

எல்இடி விளக்கு மாற்றியவர்களுக்கு: அதன் கண்ணாடி சூடாவதில்லை, பனி அப்பினால் அப்படியே நிற்கும். பனியில் பழைய ஹாலஜனே மேல்.

அறிகுறி: காலையில் வண்டி நகர மறுக்கிறது, பின்சக்கரம் பூட்டியதுபோல்

ஹேண்ட் பிரேக் உறைந்துவிட்டது. நனைந்த பேடு டிஸ்க்கோடு ஒட்டியிருக்கலாம். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் 'டப்' என்று விடும். விடாவிட்டால் கேபிள் உறைக்குள் நீர் உறைந்திருக்கிறது. ஹேர் டிரையர் பிடியுங்கள். வெந்நீர் ஊற்றினால் அடுத்த மணி நேரத்தில் அதுவும் சேர்ந்து உறையும். மைனஸ் இரவுகளில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடுங்கள்.

வெயில் நாளிலும் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரின் சறுக்குமுளைகள் இறுகியிருக்கின்றன. பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு நான்கு டிஸ்க்கின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான். முளைகளை எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் பூசி மாட்டுங்கள். பனியில் இது வெறும் தேய்மானக் கணக்கல்ல: ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வண்டி சுழலும்.

எதிர்க் கோளாறு, ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் கேபிளை முடுக்கும் முன் பின் காலிப்பரைச் சரிசெய்யுங்கள். அதன் பின்புறத்தில் உள்ள மூடி போல்ட்டைக் கழற்றி, 4 மி.மீ. ஆலன் சாவியை விட்டு, பேடு டிஸ்க்கைத் தொடும்வரை வலப்பக்கம் திருப்பி, மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள்.

அறிகுறி: பனியில் சிக்கி ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது

இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஒன்றைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த் திசையில் சுழன்றால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்துபோன பழைய விஸ்கஸ் வகை (ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கெட்டியான திரவத்தால் தடுப்பது). சிக்கும்போது இரண்டாம் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு, ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்தபடி கிளப்புங்கள். வீணாகச் சுழலும் சக்கரத்துக்குத் தடை விழுந்து விசை மறுபக்கம் போகும். 1994 முதல் வந்த டார்சன் வகைக்கும் (அதே வேலையைப் பற்சக்கரங்களால் செய்வது) இது பலிக்கும்.

வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 11, 12 செ.மீ. உயரம்தான். 10 செ.மீ.க்கு மேல் புதுப்பனி கிடந்தால் அது ஏறி உட்கார்ந்து சக்கரம் காற்றில் சுழலும். அந்த நாளில் எந்த டயரும் உதவாது. ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய வண்டி என்றால் 5 செ.மீ.யே எல்லை.

அறிகுறி: கதவடியிலோ பின்சக்கர வளைவிலோ வண்ணம் குமிழியிட்டிருக்கிறது

குமிழி தெரிகிறபோது துரு உள்ளேயிருந்து வந்து முடிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் வெட்டி வெல்டிங் செய்வதுதான் வழி, மேலே பூசும் பட்டி ஒரு பனியைக்கூடத் தாங்காது. இரண்டாம் தலைமுறை வண்டி வாங்குபவர் இதைவிட முக்கியமாக, என்ஜினின் இருபுறமும் ஓடும் முன் சேஸிஸ் கைகளை அடியிலிருந்து பார்க்க வேண்டும், அங்கே அழுகிய வண்டியைத் தொடாதீர்கள்.

இன்னும் கெடாத வண்டிக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கதவடிப் பெட்டியின் உள்ளே, வடிதுளைகள் வழியாகச் சொட்டும் வகை துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள். கெட்டியாகக் காய்ந்துபோகும் தார் வகை வேண்டாம். அது விரிசல் விட்டால் உப்புநீரைத் தோலுக்கடியில் சிறை வைக்கும். அடித்தபின் வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். எண்ணெய் இரண்டு நாள் சொட்டும், கீழே அட்டை விரியுங்கள். பனிக்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே வரும் நாளில் அடிப்பாகத்தைக் கழுவி, கதவு ரப்பர்களைத் துடைத்துச் சிலிக்கான் பூசி, கதவுகளை ஒருமுறை திறந்து மூடிவிட்டு நிறுத்துங்கள். ஜன்னல் கண்ணாடி ரப்பரோடு உறைந்திருந்தால் பொத்தானை அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கேபிள் அறுந்துவிடும்.